பாந்தர் என்பது எந்த விலங்கு?

போன மார்கழியில் விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். இரண்டாம் நாள் விடியற்காலையில் பக்கத்து வீட்டு ஆச்சியின் சத்தம் கேட்டுத்தான் எழுந்தோம். தொழுவில் கட்டியிருந்த வெள்ளாட்டுக் குட்டி ஒன்றைக் காணோம். கயிறு அறுந்து கிடந்தது. வாய்க்காலுக்குப் போகும் தடத்தில், ஈர மண்ணில் எதையோ இழுத்துப்போன கோடு தெரிந்தது. "புலி தூக்கிட்டுப் போயிட்டுய்யா" என்றார் ஆச்சி. வனத்துறைக்குப் போன் போட்டோம். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "வரியா, புள்ளியா?" ஆச்சி போனை வாங்கி, "புள்ளிதான்யா. முந்தாநாள் அந்தியில பாறை மேல படுத்துக் கெடந்ததை நான் பார்த்தேன்லா" என்றார். "அப்போ சிறுத்தைதான் ஆச்சி, ஆள் அனுப்புறோம்" என்று அவர் போனை வைத்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். "மாமா, அப்போ அது பாந்தரா?"

பத்து நிமிடத்தில் ஒரே விலங்குக்கு மூன்று பெயர். ஆச்சிக்குப் புலி, வனத்துறைக்குச் சிறுத்தை, பையனுக்குப் பாந்தர். மூன்றுமே சரிதான் என்றேன். அவன் விடவில்லை. "பாந்தர்னா கறுப்பாத்தானே இருக்கும்? ஆச்சி பார்த்தது புள்ளி போட்டதுல்லா?" நல்ல கேள்வி. அன்றைய அவசரத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை அவனுக்காகவும், இதே சந்தேகம் உள்ள மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். பாந்தர் என்று தனியாக ஒரு விலங்கு கிடையாது. அது ஒரு கூப்பிடு பெயர். நம் திருநெல்வேலிப் பக்கம் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டால், எந்தத் தெருவில் நின்று கூப்பிடுகிறோமோ அந்தத் தெருக் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். அதேபோல, பாந்தர் என்ற சொல்லை எந்த நாட்டில் நின்று சொல்கிறார்களோ, அந்த நாட்டுக் காட்டில் இருக்கும் பெரிய பூனை வகைதான் பாந்தர். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சொன்னால் சிறுத்தை. தென் அமெரிக்காவில் ஜாகுவார். வட அமெரிக்காவில் பியூமா. ஆக, யாராவது பாந்தர் என்று சொன்னால் நாம் முதலில் கேட்க வேண்டியது "எந்த ஊர் பாந்தர்?" என்பதுதான்.

நம் நாட்டுக் கதையிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே வேட்டைக்கு வந்தவர்கள் சிறுத்தையை லெப்பர்ட் என்றும் எழுதினார்கள், பாந்தர் என்றும் எழுதினார்கள். பெரிதாக இருந்தால் பாந்தர், சிறிதாக இருந்தால் லெப்பர்ட், இரண்டும் வேறு வேறு இனம் என்று வாதாடியவர்களும் அவர்களில் உண்டு. உண்மையில் அவர்கள் பார்த்தது ஆணும் பெண்ணும்தான். இந்தியாவில் ஆண் சிறுத்தை சாதாரணமாக 50 கிலோவுக்கு மேல், 75 கிலோ வரைகூட இருக்கும். பெண் 30 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்கு இரண்டு சாதி மாதிரித் தோன்றியதில் ஆச்சரியமில்லை. அந்த இரட்டைப் பெயர் வழக்கு நம்மிடமும் தங்கிவிட்டது. இந்தியாவில் பழைய ஆட்கள் ஆங்கிலத்தில் பாந்தர் என்று சொன்னால் புள்ளிச் சிறுத்தையைத்தான் சொல்கிறார்கள், கறுப்பு விலங்கை அல்ல.

சரி, அந்தக் கறுப்பு பாந்தர்? அதுவும் சிறுத்தையேதான். தனி இனம் இல்லை, கலப்பினமும் இல்லை. தோலில் கறுப்பு நிறமி மிகுதியாக ஊறிப்போன சிறுத்தை. தமிழில் கருஞ்சிறுத்தை என்கிறோம், பொருத்தமான பெயர். புள்ளி அதற்கு இல்லாமல் போய்விடவில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நம் வீட்டுப் பெண்கள் கறுப்புப் பட்டுச் சேலை எடுக்கும்போது கடையில் எப்படிப் பார்ப்பார்கள்? துணியை வாசல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடிப்பார்கள். கறுப்பிலேயே கறுப்பாக நெய்த பூ அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். கருஞ்சிறுத்தையின் தோலும் அப்படித்தான். நிழலில் நின்றால் மொத்தமும் கரி. வெயில் சாய்வாக விழுந்தால், விலாவிலும் தொடையிலும் ரோஜாப் பூ மாதிரி வட்டம் வட்டமாகப் புள்ளிகள் எழும்பி வரும். காட்டில் இரவுக்கு வைக்கிற தானியங்கிக் கேமராக்களில் அகச்சிவப்பு விளக்கு இருக்கும். அந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கருஞ்சிறுத்தையின் புள்ளிகள் பளிச்சென்று விழுகின்றன. பகலில் ஒன்றுபோலத் தெரியும் கருஞ்சிறுத்தைகளை ஆய்வாளர்கள் புள்ளிகளின் அமைப்பை வைத்துத் தனித்தனியாக அடையாளம் காண்பது இப்படித்தான்.

இந்தக் கறுப்பு எப்படி வருகிறது? சிறுத்தையைப் பொறுத்தவரை இது ஒடுங்கிய பண்பு. அதாவது தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பக்கமும் அந்த மரபணு வந்து சேர்ந்தால்தான் குட்டி கறுப்பாகப் பிறக்கும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் குட்டி புள்ளியோடுதான் இருக்கும், ஆனால் கறுப்பை உள்ளே சுமந்துகொண்டிருக்கும். அதனால்தான் புள்ளி போட்ட தாய்க்கும் புள்ளி போட்ட தகப்பனுக்கும் ஒரே ஈற்றில் ஒரு குட்டி மஞ்சளாகவும் இன்னொன்று கறுப்பாகவும் பிறக்க முடிகிறது. இரண்டும் ஒரே மடியில் பால் குடித்து ஒன்றாக வளரும். வீட்டில் தாத்தாவின் பூனைக்கண் பேரனுக்கு வருகிறதே, நடுவில் அப்பாவுக்கு இல்லாமல், அந்தக் கணக்குதான்.

உலகத்தில் உள்ள சிறுத்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று கறுப்பு என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. வறண்ட புல்வெளியில் மிகக் குறைவு. மழை கொட்டும் அடர்ந்த காட்டில் அதிகம். தாய்லாந்துக்குத் தெற்கே மலாய் தீபகற்பத்துக்குப் போனால் ஏறக்குறைய எல்லாச் சிறுத்தையுமே கறுப்பு. பகலிலும் இருட்டாக இருக்கும் காட்டில் கறுப்புத் தோல் ஒளிந்துகொள்ள உதவுகிறது என்பது முதன்மையான விளக்கம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் கருஞ்சிறுத்தை உண்டு. கர்நாடகத்தின் கபினிக் காட்டில் படம் பிடிக்கப்பட்ட கருஞ்சிறுத்தையை அநேகமாக எல்லோரும் போனில் பார்த்திருப்பீர்கள். மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் பெய்கிற மழையைப் பார்த்தவர்களுக்கு ஈரக்காடு என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நண்பகலில் அங்கே காட்டு ஓரம் நின்றால் பத்தடிக்கு உள்ளே என்ன நிற்கிறது என்று தெரியாது.

இப்போது கடல் தாண்டுவோம். அமெரிக்கக் கண்டங்களில் காட்டுச் சிறுத்தையே கிடையாது. அங்கே புள்ளி போட்ட பெரிய பூனை ஜாகுவார். பார்க்கச் சிறுத்தை மாதிரியே இருக்கும், ஆனால் தலை பெரிது, கால் கட்டை, உடம்பு கனம். நெருங்கிப் பார்த்தால் ஒரு வித்தியாசம் உண்டு. சிறுத்தையின் வட்டப் புள்ளிக்கு நடுவே வெறுமையாக இருக்கும். ஜாகுவாரின் வட்டத்துக்குள்ளே சின்னச் சின்னப் பொட்டுகள் இருக்கும். தென் அமெரிக்காவில் கறுப்பு பாந்தர் என்று சொல்வது கறுப்பு ஜாகுவாரை. அதற்குக் கறுப்பு வந்த வழியும் வேறு. ஜாகுவாரில் அது ஓங்கிய பண்பு, தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். மரபணுவும் வேறு மரபணு. ஒரே மாதிரிக் கறுப்புச் சட்டை, இரண்டு வேறு தறியில் நெய்தது.

வட அமெரிக்காவில் குழப்பம் இன்னும் கூடும். அங்கே பாந்தர் என்பது பியூமா. புள்ளி இல்லை, வரி இல்லை, உடம்பு முழுக்க மான் நிறம். கூகர், மலைச்சிங்கம் என்று இதற்கு வழங்கும் பெயர்கள் ஏராளம். புளோரிடா மாநிலத்தில் மட்டும் இதன் பெயர் புளோரிடா பாந்தர். 1982இல் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு இதை அந்த மாநில விலங்காகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நேரத்தில் அது அழிவின் விளிம்பில் இருந்தது. சதுப்புநிலக் காட்டில் மிகச் சிலவே மிஞ்சி, சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகி, வாலின் நுனி மடங்கியும் முதுகு மயிர் சுழித்தும் குட்டிகள் பிறந்தன. இதயக் கோளாறும் வந்தது. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பியூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். புது இரத்தம் கலந்ததும் குட்டிகள் திடமாகப் பிறந்தன. இன்று வளர்ந்தவை 120 முதல் 230 வரை இருக்கும் என்பது அங்குள்ள அரசின் கணக்கு. ஊர் முழுக்கக் கொடியிலும் பனியனிலும் இருக்கும் ஒரு விலங்கு, காட்டில் இவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். பாந்தெரா என்று விலங்கியலில் ஒரு பேரினம் உண்டு. 1816இல் ஓக்கன் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர். அதில் ஐந்து விலங்குகள்: சிங்கம், புலி, சிறுத்தை, ஜாகுவார், பனிச்சிறுத்தை. புளோரிடா பாந்தர் இந்த ஐந்தில் இல்லை. பெயரில் பாந்தர் இருந்தும் அது பாந்தெரா குடும்பத்துப் பிள்ளை அல்ல. அதன் நெருங்கிய சொந்தங்களில் ஒன்று ஆப்பிரிக்கச் சிவிங்கி, அதாவது சீட்டா. பியூமாவால் கர்ஜிக்கவும் முடியாது. நம் வீட்டுப் பூனை மாதிரி சுகமாக உறுமிக்கொண்டு படுத்திருக்கும்.

சிவிங்கி என்றதும் இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும், ஏனென்றால் தமிழில் நாம் செய்யும் பெரிய குழப்பம் இதில்தான் இருக்கிறது. 2022 செப்டம்பர் 17ஆம் தேதி நமீபியாவிலிருந்து எட்டு சீட்டாக்கள் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு வந்து சேர்ந்தன. பல தமிழ்ச் செய்திகளில் "இந்தியாவுக்குச் சிறுத்தைகள் வந்தன" என்று போட்டார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "நம்ம மலையிலதான் வேண்டிய மட்டும் கெடக்கே, இதை எதுக்கு விமானத்துல கொண்டு வாரான்?" அவர் கேட்டது நியாயம், தவறு சொல்லில் இருந்தது. வந்தது சிவிங்கி. இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக 1952இல் அறிவிக்கப்பட்ட விலங்கு. சிறுத்தை அப்படியில்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 13,874, தமிழ்நாட்டில் மட்டும் 1,070.

இரண்டையும் பிரித்துச் சொல்வது எளிது. சிவிங்கிக்குப் புள்ளி ஒவ்வொன்றும் மையைத் தொட்டு வைத்த மாதிரி நிறைந்த பொட்டு. கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. ஒல்லி இடுப்பு, நீளக் கால், ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு. சிறுத்தைக்கு முகத்தில் அந்தக் கோடு கிடையாது. அது மரம் ஏறும், பதுங்கும், அடித்த இரையைக் கவ்விக்கொண்டு கிளைக்கே தூக்கிப்போகும்.

சிவிங்கி என்ற சொல் புதிதாகத் தோன்றலாம். ஆனால் அதை நாம் ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம், ஒட்டகத்தோடு சேர்த்து. ஒட்டகச்சிவிங்கி: ஒட்டகம் போலக் கழுத்து, சிவிங்கி போலப் புள்ளி. கிரேக்கர்களும் அந்த விலங்கை இதே கணக்கில்தான் பார்த்தார்கள். அவர்கள் சொன்ன பெயர் "ஒட்டகச் சிறுத்தை" என்ற பொருளில் வரும். ஒட்டகச்சிவிங்கியின் விலங்கியல் பெயரில் இன்றைக்கும் கமெலோபார்டாலிஸ் என்ற அந்தச் சொல் இருக்கிறது. எங்கோ இருந்த இரண்டு மொழிகள் ஒரே விலங்கைப் பார்த்து ஒரே மாதிரி பெயர் கட்டியிருக்கின்றன. நாம் அந்தக் கூட்டுச் சொல்லை வைத்துக்கொண்டு, அதில் பாதியான சிவிங்கியை மட்டும் மறந்துவிட்டோம். அதை மீட்டெடுத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய காலத்தவர்கள் பெயர் வைத்த முறையில் இன்னொரு அழகும் உண்டு. லெப்பர்ட் என்ற சொல்லில் லியோ என்பது சிங்கம், பார்ட் என்பது புள்ளிப் பூனை. சிங்கத்துக்கும் பார்டுக்கும் பிறந்த கலப்பு என்று நினைத்து அப்படி வைத்தார்கள், குதிரைக்கும் கழுதைக்கும் கோவேறு கழுதை பிறப்பது போல. பாந்தர் என்பதும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். பான் என்றால் எல்லாம், தேர் என்றால் விலங்கு, ஆகவே "எல்லா விலங்கும்" என்று பிற்காலத்தில் பொருள் சொன்னார்கள். அது ஒலியை வைத்துச் சொன்ன விளக்கம், மொழியறிஞர்கள் ஏற்பதில்லை. ஐரோப்பாவின் பழைய விலங்குக் கதைகளில் பாந்தர் ஓர் அதிசயப் பிராணி. வயிறாரத் தின்றுவிட்டு மூன்று நாள் தூங்கும், எழுந்து குரல் கொடுத்தால் வாயிலிருந்து நறுமணம் வரும், மற்ற விலங்குகள் அந்த மணத்தைத் தேடி வரும் என்று எழுதிவைத்தார்கள்.

நம் ஆச்சி சொன்ன "புலி"க்கு வருவோம். அது பிழை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழில் புலி என்பது பொதுச்சொல். வரி போட்டது வரிப்புலி, புள்ளி போட்டது சிறுத்தைப்புலி. சிறுத்தை என்ற சொல்லுக்குள்ளேயே சிறு இருக்கிறது பாருங்கள். சங்கப் பாட்டு ஒன்றில், வேங்கை மரத்தின் மஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் உருண்டைப் பாறை புலிக்குட்டி போலத் தோன்றுகிறது என்று வருகிறது. உதிர்ந்த பூ கோடு கோடாகவா விழும்? பொட்டுப் பொட்டாகத்தான் விழும். அந்தப் புலவர் மனதில் இருந்தது புள்ளிப்புலியின் குட்டியாக இருக்கலாம் என்று படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். வேங்கை பூத்த மலைப்பாதையில் போகிறவர்கள், நின்று ஒரு பாறையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

விலங்கை விட்டுவிட்டு இனி மனிதர்கள் அந்தப் பெயரை எடுத்து வைத்துக்கொண்ட கதைகள். இவற்றில் மிகவும் கனமானது அரசியல் கதை, அது நம் ஊர் வரைக்கும் நீளுகிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லவுண்ட்ஸ் என்று ஒரு கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. மக்களில் பெரும்பான்மை கறுப்பினத்தவர். ஆனால் 1965 தொடங்கும்போது அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. போராடிப் பெயரைச் சேர்த்த பிறகு தங்களுக்கென்று ஒரு கட்சி தொடங்கினார்கள். படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருந்ததால் அங்கே கட்சிக்குச் சின்னம் வேண்டும். நமக்கு நன்றாகப் புரிகிற விஷயம் இது. எதிரே இருந்த கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். இவர்கள் பாயும் கறுப்பு பாந்தரை எடுத்தார்கள். தானாக வம்புக்குப் போகாது, ஒதுங்கி ஒதுங்கிப் போகும், மூலையில் தள்ளி நெருக்கினால் திருப்பி அடிக்கும் என்பது அவர்கள் அதற்குச் சொன்ன காரணம். 1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஹ்யூய் நியூட்டனும் பாபி சீலும் அந்தச் சின்னத்தையே பெயராக வைத்து பிளாக் பாந்தர் கட்சியைத் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு கொடுத்தது அவர்கள் செய்த பெரிய வேலைகளில் ஒன்று.

அங்கிருந்து அந்தச் சொல் பம்பாய்க்கு வந்தது. 1972இல் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா டாலே போன்ற இளைஞர்கள் தலித் பாந்தர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1980களில் மதுரையில் மலைச்சாமி தலைமையில் அதன் தமிழ்நாட்டுக் கிளை இயங்கியது. 1989இல் அவர் மறைந்த பிறகு தொல். திருமாவளவன் பொறுப்பேற்றார், இயக்கம் விடுதலைச் சிறுத்தைகள் ஆனது. மராத்தியில் பாந்தர் என்ற ஆங்கிலச் சொல் அப்படியே நின்றது. தமிழில்தான் அதை நம் மலையில் இருக்கிற விலங்கின் பெயராகவே மாற்றினார்கள். திருநெல்வேலிச் சுவர்களில் "சிறுத்தைகளே வாரீர்" என்ற மாதிரி எழுத்தைப் பார்க்கும்போது அலபாமாவின் ஓட்டுச்சீட்டு வரை போகும் ஒரு கோடு எனக்குத் தெரிகிறது.

என் மருமகனுக்குத் தெரிந்த பிளாக் பாந்தர் இதுவல்ல, வக்காண்டா நாட்டு அரசர். அந்தப் பாத்திரம் முதலில் வந்தது மார்வெல் படக்கதையில், 1966 ஜூலை இதழில். ஓக்லாந்துக் கட்சி தொடங்குவதற்குச் சில மாதம் முன்பு. ஒன்றைப் பார்த்து ஒன்று வைத்த பெயர் அல்ல. வக்காண்டா ஆப்பிரிக்காவில் இருப்பதாகக் கதை. அதனால் நம் விதிப்படி அந்தப் பாந்தர் கருஞ்சிறுத்தைதான்.

ஊர்களும் இந்தப் பெயரை எடுத்திருக்கின்றன. டெக்சாஸில் போர்ட் வொர்த் நகரத்துக்கு பாந்தர் சிட்டி என்று பட்டப்பெயர். 1875இல் பக்கத்து ஊரான டல்லாஸின் செய்தித்தாளில், போர்ட் வொர்த் அவ்வளவு ஆளரவமற்றுக் கிடக்கிறது, நடுத்தெருவில் ஒரு பாந்தர் படுத்துத் தூங்குகிறது என்று எழுதினார்கள். கேலிக்குச் சொன்னதை அந்த ஊர்க்காரர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் பேட்ஜில்கூட பாந்தர் உருவம் இருக்கிறது. ஊர் டெக்சாஸ் என்பதால் தூங்கிய பாந்தர் பியூமாவாகத்தான் இருக்க முடியும்.

போர்க்கருவிகளுக்கு இந்தப் பெயரை வைப்பதில் ஜெர்மானியர்களுக்குத் தனி விருப்பம். 1911 ஜூலையில் மொராக்கோவின் அகாதிர் துறைமுகத்துக்கு பாந்தர் என்ற சிறிய பீரங்கிக் கப்பலை அனுப்பினார்கள், அதில் ஐரோப்பாவே போர் வந்துவிடுமோ என்று நடுங்கியது. மூன்று ஆண்டு கழித்து அதே கடற்படையின் எம்டன் மதராஸ் மேல் குண்டு போட்டு, தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. பாந்தர் கப்பல் நம் பக்கம் வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் முக்கியமான டாங்கி ஒன்றின் பெயரும் பாந்தர்தான். 45 டன் எடை, 1943இல் கூர்ஸ்க் போரில் முதலில் இறங்கியது. பிறகு மேற்கு ஜெர்மனி செய்த டாங்கிக்கு லெப்பர்ட் என்று பெயர் வைத்தார்கள்.

ஆப்பிள் நிறுவனமும் தன் கணினி இயங்குதளங்களுக்குப் பெரிய பூனைகளின் பெயர்களை வரிசையாக வைத்தது. 2001இல் சீட்டா, அதே ஆண்டில் பியூமா, 2002இல் ஜாகுவார், 2003இல் பாந்தர், பிறகு டைகர், 2007இல் லெப்பர்ட், ஸ்னோ லெப்பர்ட், லயன், 2012இல் மௌண்டன் லயன். இதுவரை படித்தவர்களுக்கு இந்த வரிசையில் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். பியூமாவும் மௌண்டன் லயனும் ஒரே விலங்கு. நம் நாட்டு வழக்கில் பாந்தரும் லெப்பர்ட்டும் ஒரே விலங்கு. ஒன்பது பெயர், ஏழு விலங்கு.

பிங்க் பாந்தர் இதில் எங்கே சேரும்? 1963இல் வந்த அந்தப் படத்தில் பாந்தர் என்பது விலங்கே அல்ல, ஒரு வைரம். கல்லுக்குள் இருக்கும் சிறு குறை, வெளிச்சத்தில் பார்த்தால் பாயும் பாந்தர் போலத் தெரியும் என்பது கதை. படத்தின் தொடக்கத்தில் பெயர் ஓடும்போது காட்டிய இளஞ்சிவப்புக் கார்ட்டூன் உருவம் மக்களுக்குப் பிடித்துப்போய், பிறகு அது தனியாக வாழத் தொடங்கிவிட்டது.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். மடகாஸ்கரில் வண்ணம் மாறும் பாந்தர் பச்சோந்தி இருக்கிறது. ஐரோப்பாவில் வெள்ளைப் பொட்டு வைத்த பாந்தர் காளான் இருக்கிறது, விஷக் காளான், தின்னக்கூடாது. கரோலினா பாந்தர்ஸ் என்று ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி. ஆஸ்திரேலியாவில் பென்ரித் பாந்தர்ஸ் என்ற ரக்பி அணி, அந்தக் கண்டத்துக் காட்டில் பெரிய பூனை ஒன்றுகூட இல்லாதபோதும்.

இனி வாய்க்கால் கரைக்குத் திரும்புவோம். அன்று காலை வனத்துறை ஆட்கள் இரண்டு பேர் வந்து, சேற்றில் இருந்த தடத்தை என் மருமகனுக்குக் காட்டினார்கள். நான்கு விரல், நகம் பதியவில்லை. பூனை வகைகள் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாய் என்றால் நகக்குறி குத்தி நிற்கும். பின்பக்க மெத்தைப் பகுதியில் மூன்று மடிப்புத் தெரிந்தது. பையன் தன் உள்ளங்கையை மேலே வைத்துப் பார்த்தான், தடம் அதற்குள் அடங்கியது. "வரிப்புலின்னா இதைவிட நல்ல பெரிசா இருக்கும் தம்பி" என்றார் வந்தவர். அந்த மலையில் இருக்கும் களக்காடு முண்டந்துறைக் காடு 1988இல் புலிகள் காப்பகம் ஆனது. வரிப்புலி அங்கே உள்காட்டில் இருக்கிறது. ஊர் ஓரம் ஆட்டுக்கும் நாய்க்கும் இறங்கி வருவது பெரும்பாலும் சிறுத்தை. அதனால்தான் போனை எடுத்ததும் வரியா புள்ளியா என்று கேட்கிறார்கள். என்ன விலங்கு என்பதைப் பொறுத்துத்தான் கேமரா எங்கே வைப்பது, கூண்டு வேண்டுமா, ஊராருக்கு என்ன சொல்வது என்பதெல்லாம் முடிவாகும்.

நீங்கள் மலையடிவாரத்து ஊரில் இருந்து, உங்களுக்கும் அப்படி ஒரு போன் பேச நேர்ந்தால், புலி என்றே சொல்லுங்கள், தவறில்லை. கூடவே வரியா, புள்ளியா, கறுப்பா என்பதையும், எந்த நேரம், எந்தப் பக்கம் போனது என்பதையும் சொல்லிவிடுங்கள். தடம் இருந்தால் அவர்கள் வரும்வரை யாரும் மிதிக்காமல் ஒரு பழைய சட்டியைக் கவிழ்த்து மூடிவையுங்கள். ஆச்சி அன்றைக்கு அதைத்தான் செய்திருந்தார், பால் கறக்கிற சட்டியை வைத்து.